சேலோன் றைபிள் பட்டாளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு வந்த வியாபாரி: குடும்பத்தை எங்கே தேடுவது?

தண்ணீரூற்றான் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

வாப்பாவின் பூட்டனார் ஒருவரைப் பற்றித் தேடுகிறேன். பெயரை இங்கே போடவில்லை. கையில் இருப்பவை இவ்வளவுதான்.

ஒன்று, 1879 ஆம் ஆண்டு விலை உறுதி. முல்லைத்தீவில் கடையும் வளவும் வாங்கியது. வாங்குபவரை "முன்னர் சேலோன் றயிபிள் பட்டாளத்தில் சேவித்து விலகி இப்போது முல்லைத்தீவில் வியாபாரஞ் செய்யும் துவான்" என்று தொடங்கிப் பெயர் எழுதியிருக்கிறது. அடியில் கையொப்பம் அரபு எழுத்துப் போல இருக்கிறது, ஆனால் வாசிக்க முடியவில்லை. முந்திய உறுதி 1858 இல் எழுபத்தைந்து இறைசாலுக்கு (பழைய நாணயம்) முடிந்தது என்றும் ஒரு வரி உண்டு.

இரண்டு, 1902 ஆம் ஆண்டு உறுதியின் போட்டோப் பிரதி. ஒரு பெண் அதே வளவில் "மரித்துப்போன தகப்பனாரில் நின்று உரிமையாய் வந்த பிரிபடாத நாற்பதில் ஏழு பங்கு" விற்கிறார். இந்தப் பெண் யார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வழி ஒரு மகனின் வழி. வேறு பிள்ளைகள் இருந்ததாகவே கேள்விப்படவில்லை.

மூன்று, மீசான் கல்லில், அதாவது கல்லறைக் கல்லில், ஹிஜ்ரி 1312.

நான்கு, வாய்வழிச் செய்தி. சிங்கப்பூரில் பிறந்தவர், பட்டாளத்தோடு சீனாவுக்குப் போய் வந்தவர், கலியாணம் முடித்தது இந்தப் பக்கத்துப் பெண்ணை.

பட்டாளத்து ஏடுகள் எங்கே இருக்கும்? மனைவி, பிள்ளைகள் விபரம் எதில் வரும்? என்ன வியாபாரம் செய்தார் என்று அறிய வழி உண்டா? 1990 இல் இடம்பெயர்ந்தபோது வீட்டுக் கடதாசிகள் எல்லாம் போய்விட்டன, மேலே சொன்னவை உறவினர் ஒருவரிடம் தப்பியவை.

ஏட்டறை எழுதியது:

பட்டாளப் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் செய்யக்கூடாத ஒன்று. கிழக்கிந்தியக் கும்பினிப் படை ஏடுகளில், அதாவது சென்னை இராணுவப் பதிவுகளில் தேடி நாளைப் போக்காதீர்கள். 1796 இல் இங்கிலீசுக்காரர் கரையோரத்தைப் பிடித்தபோது சில ஆண்டுகள் சென்னைக் கும்பினியின் ஆட்சி இருந்தது உண்மை. ஆனால் 1802 சனவரி 1 இல் அந்தக் கரையோரம் முழுமையாக முடியாட்சிக் குடியேற்றமாகிவிட்டது. மலாய்ப் படையும் அதே காலத்தில் முதலாம் சேலோன் றெஜிமென்ற் என்று பிரித்தானியப் படைநிரலில் ஏறியது. 1827 இல் அது சேலோன் றைபிள் றெஜிமென்ற் ஆனது, 1873 இல் கலைக்கப்பட்டது. ஆகவே ஏடுகள் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில், போர் அலுவலகத் தொகுதியில் இருக்கின்றன. 1881 இல் தொடங்கிய சேலோன் தொண்டர் காலாட்படை முற்றிலும் வேறு. இணையத்தில் பலர் இரண்டையும் குழப்புகிறார்கள்.

தேடவேண்டிய தொகுதி டபிள்யூ.ஓ. 12. இது சம்பளப் பட்டியலும் ஆள்கணக்கும் சேர்ந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தாள். ஒவ்வொரு சிப்பாயின் றெஜிமென்ற் இலக்கம், பெயர், சம்பளம் பெற்ற நாட்கள், ஆள்கணக்கு எடுத்த நாளில் எங்கே இருந்தார் என்ற குறிப்பு. குறிப்பு நிரலில் ஆசுபத்திரி, சிறை, விடுமுறை, வெளியூர்க் கடமை என்று வரும். ஒருவருடைய பத்து ஆண்டுத் தாள்களை வரிசையாக வைத்தால் அவர் எந்த ஆண்டு எந்த ஊரில் நின்றார் என்பது புலப்பட்டுவிடும்.

தேடும் முறை: கலைத்த ஆண்டிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1873 தாள்களில் பெயரைப் பிடித்ததும் உடனே இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெயரை விட்டு இலக்கத்தைத் தொடருங்கள். மலாய்ப் பெயர்களை இங்கிலீசுக் கிளாக்கர்மார் ஒவ்வொரு காலாண்டிலும் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள். ஒரே ஆள் மூன்று ஆளாகத் தெரிவதும், மூன்று ஆள் ஒன்றாவதும் இங்கேதான். படையில் சேர்ந்த காலாண்டிலும் விலகிய காலாண்டிலும் தனிக் குறிப்பு இருக்கும். பிறந்த இடம், முந்திய தொழில், சேர்ந்த தேதி ஆகியவை அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

உங்களுக்கு மிக முக்கியமானது இது: 1868 க்குப் பிறகான கட்டுகளில் கலியாணமானவர்களின் நிரல் சேர்க்கப்பட்டிருக்கலாம். மனைவி பற்றியும் பிள்ளைகள் பற்றியும் குறிப்பு அதில் வரும். பட்டாளம் கலைந்தது 1873 இல். ஆகவே 1868 முதல் 1873 வரை ஐந்து ஆண்டுகள் உங்களுக்குப் பொன்னான காலம். கியூவுக்குப் போகும் ஒருவர் கிடைத்தால் முதல் நாளே அந்த ஐந்து ஆண்டுக் கட்டுகளை எடுக்கச் சொல்லுங்கள். வாசகர் அட்டை இருந்தால் சொந்தக் கமெராவில் படமெடுக்கலாம். பிரதி கேட்டுத் தபாலில் எழுதினால் பக்கத்துக்குப் பக்கம் காசு, அதுவும் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லவேண்டும்.

சீனா என்பது ஹொங்கொங். சேலோன் றைபிளின் ஒரு பிரிவு 1847 முதல் 1854 வரை அங்கே காவல் நின்றது. வாய்ச்சொல் சரியானால் அவர் 1854 க்கு முன்பே படையில் இருந்திருக்கிறார். அந்த ஆண்டுகளின் ஹொங்கொங் தாள்களில் இலக்கம் அகப்பட்டால் சந்தேகமே இல்லை.

உறுதிக்காணி எழுதியது:

தம்பி, உங்களிடம் இருக்கும் "நாற்பதில் ஏழு" பட்டாளத்து ஏட்டைவிடப் பெரிய சொத்து. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் எந்தச் சட்டம் என்று தெரியவேண்டும். வடமாகாணக் காணி என்றவுடன் எல்லோரும் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், என்று தொடங்கிவிடுவார்கள். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எல்லாம் தமிழர்களுக்கு. முஸ்லிம்களுக்கு 1806 ஆம் ஆண்டு முகம்மதியச் சட்டக்கோவை, அது 1852 இல் நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்டது. பங்கு அதன்படி பிரியும்: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சம் எட்டில் ஏழு பிள்ளைகளுக்கு, மகனுக்கு இரண்டு பாகம், மகளுக்கு ஒரு பாகம்.

இனிக் கணக்கு. விற்றவர் பெண், அதாவது மகள், ஒரு பாகம். எட்டில் ஏழை எத்தனை பாகமாக்கினால் ஒரு பாகம் நாற்பதில் ஏழு வரும்? ஐந்து. ஐந்து பாகம் இரண்டே வழியில்தான் வரும், மகன் ஒருவராவது உண்டு என்று ஏற்கெனவே தெரிவதால். இரண்டு மகன் ஒரு மகள், அல்லது ஒரு மகன் மூன்று மகள். விற்றவர் ஆணாக இருந்திருந்தால் பாகம் பத்தாகியிருக்கும். ஆகவே விற்றவர் பெண்தானா என்பதை மூல உறுதியில் இன்னொருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் அந்தப் பின்னத்துக்குள் இருக்கிறது.

மனைவி அவருக்கு முன்னரே மௌத்தாகியிருந்தால் எட்டில் ஒன்று கழியாது, மகளுக்கு ஐந்தில் ஒன்று வந்திருக்கும். நாற்பதில் ஏழு என்று எழுதியதால் அவர் இறந்தபோது மனைவி உயிரோடு இருந்தார். 1902 இல் தாயும் இறந்திருந்தால், தாயின் எட்டில் ஒன்றிலும் மகளுக்கு நாற்பதில் ஒன்று சேர்ந்து மொத்தம் நாற்பதில் எட்டு வந்திருக்கும். அது வரவில்லை. ஆகவே பெரும்பாலும் தாய் 1902 இல் உயிரோடு இருந்திருக்கிறார். அல்லது விற்ற பெண்ணுக்குத் தாய் வேறு. இந்த இரண்டாவதை ஒதுக்கிவிடாதீர்கள். பட்டாளத்தில் இருபது வருஷம் நின்றவருக்கு 1873 க்கு முன்னரே ஒரு குடும்பம் இருந்திருக்கலாம். இரண்டு மனைவியர் இருந்தால் எட்டில் ஒன்றை இருவரும் பாதியாகப் பிரித்துப் பதினாறில் ஒன்று எடுப்பார்கள். பிள்ளைகளின் பங்கு மட்டும் மாறாது. ஆகவே பிள்ளைகளின் பின்னம் தாய் யார் என்று சொல்லாது. தாயின் பங்கு பிறகு யாரிடம் போனது என்பதுதான் அதைச் சொல்லும். "எட்டில் ஒன்று" அல்லது "பதினாறில் ஒன்று" விற்ற உறுதி ஒன்று அகப்பட்டால் அதோடு விஷயம் வெளிச்சமாகிவிடும்.

அந்த உறுதியை எடுக்கும் வழி: 1902 உறுதியில் பதிவுமுத்திரைக்குப் பக்கத்தில் எழுத்தும் இலக்கமும் சேர்ந்த ஒரு குறி இருக்கும், புத்தகமும் இதழும். அதைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தோம்பு, அதாவது அந்தக் காணியின் பதிவேட்டுப் பிரதி, எடுங்கள். அந்த வளவில் பதிவான எல்லா உறுதிகளும் ஆண்டு வரிசையில் வரும். ஒவ்வொன்றிலும் விற்றவர் பெயர், பங்கு, நொத்தாரிசு பெயர், உறுதி இலக்கம். பங்குகளை ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள், நாற்பதுக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஆட்கள் இன்னும் வெளிவரவில்லை.

பிழை வருவது எங்கே என்றால், நன்கொடை உறுதி. உயிரோடு இருக்கும்போதே ஒரு பிள்ளைக்கு எழுதிக்கொடுத்திருந்தால் அந்தத் துண்டு பங்குக் கணக்குக்குள் வராது. வளவின் பரப்பு 1879 இல் இருந்ததைவிட 1902 இல் குறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இறைசால் பற்றி: ஒரு இறைசால் ஒன்றரைச் சிலிங். எழுபத்தைந்து இறைசால் ஐந்து பவுண் பன்னிரண்டு சிலிங் ஆறு பென்ஸ். 1872 சனவரியில் ரூபாய்க் கணக்கு வந்தபோது ஒரு ரூபாய் இரண்டு சிலிங், ஆக ஐம்பத்தாறே கால் ரூபாய். 1858 இல் அரசாங்கக் கணக்கு பவுணில் நடந்தாலும் ஊர்ச்சனம் இறைசாலில்தான் பேசினார்கள். அதனால் அந்த வரியில் ஐமிச்சப்பட ஒன்றுமில்லை.

தண்ணீரூற்றான் எழுதியது:

உறுதிக்காணி ஐயா, பின்னத்துக்குள் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவேயில்லை. மூலத்தைப் பார்த்தேன், விற்றவர் பெண்தான், "இன்னாரின் மகள்" என்று தெளிவாக இருக்கிறது. கிழக்கெல்லை "விற்பவரின் சகோதரிமாருக்குரிய காணி" என்று எழுதியிருக்கிறது. பரப்பு இரண்டு உறுதியிலும் ஒன்றுதான்.

கையொப்பத்தைப் பற்றி யாராவது சொல்வீர்களா? ஓதத் தெரிந்தவர்களிடம் காட்டினேன், அரபும் இல்லை, அரபுத்தமிழும் (அரபு எழுத்தில் எழுதும் தமிழ்) இல்லை என்கிறார்கள்.

கொம்பனித்தெரு எழுதியது:

தம்பி, அது குண்டுல் எழுத்து. மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதுவது. குண்டுல் என்றால் மொட்டை. உயிர்க்குறிகள் போடாமல் மொட்டையாக எழுதுவதால் அந்தப் பெயர். அரபுத்தமிழில் உயிர்க்குறி நிறைய இருக்கும். பார்த்தவுடன் தெரியும் வித்தியாசம் அதுதான். மலாய்க்கென்று சில எழுத்தும் உண்டு: "ஐன்" எழுத்தின் மேல் மூன்று புள்ளி போட்டால் "ங", "ஃபே" மேல் மூன்று புள்ளி போட்டால் "ப". உங்கள் கையொப்பத்தில் மூன்று புள்ளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். படமெடுக்கும்போது பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். பழைய மை மங்கினாலும் பேனை கீறிய தடம் தெரியும்.

இந்தக் கையொப்பம் அவரைப் பற்றி ஒன்று சொல்கிறது. அவர் எழுத்தறிந்த மனிதர். பட்டாளத்தில் பள்ளிக்கூடம் இருந்தது, மலாய் படிப்பித்தார்கள். 1869 இல் கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் "ஆலமத் லங்காபுரி" என்று ஒரு மலாய்ப் பத்திரிகையை இதே எழுத்தில் கல்லச்சில் போட்டார். வாசிக்க ஆள் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது. வாசித்தவர்களில் பட்டாளத்து ஆட்கள் நிறைய.

பெயர் விஷயத்தில் கவனம். துவான் என்பது மரியாதைச் சொல். குடும்பப் பெயர் அல்ல. பாபா, மாஸ், ராடன் என்பனவும் அப்படியே. இங்கிலீசு நிரலில் துவானை விட்டுவிட்டு அடுத்த சொல்லில் தொடங்கியிருப்பார்கள். ஆகவே "து" வரிசையில் மட்டும் தேடாதீர்கள். அப்துல் ரஹ்மான் என்பது டிரஹமான் என்று சுருங்கும், ஹசன் அசன் ஆகும், ஹுசைன் உசென் ஆகும். முதல் "ஹ" விழுந்துவிடும் என்று நினைத்துத் தேடினால் பாதி வேலை முடிந்தது.

சிங்கப்பூரில் பிறந்தவர் என்பதையும் அப்படியே எடுக்கவேண்டாம். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளில் வைத்துத்தான் ஆள் சேர்த்தார்கள். ஜாவாவிலிருந்தோ மதுராவிலிருந்தோ வந்து அங்கே சேர்ந்தவரையும் வீட்டில் சிங்கப்பூர்க்காரர் என்றே சொல்வார்கள். ஆள் சேர்ப்பு பிறகு தடைப்பட்டது, 1856, 57 இல் கப்டன் டிராஞ்செல் போனபோது கிட்டத்தட்ட வெறுங்கையோடு திரும்பினார். அதன் பிறகு பட்டாளத்துப் பிள்ளைகளே பட்டாளத்துக்கு. உங்களுடையவர் 1854 க்கு முன்னர் சேர்ந்தவர் என்றால் வெளியிலிருந்து வந்தவராகவும் இருக்கலாம், இங்கேயே பட்டாள லைனில் பிறந்தவராகவும் இருக்கலாம். சேர்ந்த காலாண்டுத் தாளில் உள்ள பிறந்த இடம் ஒன்றுதான் தீர்ப்பு.

கலியாணத்துக்கு: முகம்மதிய விவாகப் பதிவுச் சட்டம் 1886 இல்தான் வந்தது. அதற்கு முன் பள்ளிவாசல் லெப்பை எழுதிய கடுத்தம், அதாவது கலியாணப் பத்திரம், ஒன்றே. கடுத்தத்தில் மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது), சாட்சிகள், பெண்ணின் வலி (பொறுப்பாளி) யார் என்பது வரும். மாப்பிள்ளை பிற ஊர்க்காரர், அவருடைய ஆட்கள் யாரும் கிட்ட இல்லை. ஆகவே அந்தத் தாளில் முழுக்கப் பெண்வீட்டார் பெயர்களே இருக்கும். உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

நந்திக்கடல் எழுதியது:

இடத்தைப் பற்றிச் சிலது.

முல்லைத்தீவு மாவட்டம் 1978 இல் வந்தது, கிளிநொச்சி 1984 இல். அதற்கு முந்திய கடதாசிகளை இன்றைய எல்லைப்படி தேடினால் அகப்படாது. முல்லைத்தீவுக் காணி வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ பதிவாகியிருக்கலாம். ஓரிடத்தில் "ஏடு இல்லை" என்றால் அதோடு நிற்காமல் மூன்றிலும் கேளுங்கள். வாயால் சொல்வதை எழுத்திலும் வாங்குங்கள். அடுத்த கந்தோரில் கேட்கும்போது அது உதவும். நொத்தாரிசு எழுதிய உறுதிக்கு இரண்டாம் பிரதி பதிவகத்துக்குப் போயிருக்கும், அதனால் வீட்டுப் பிரதி அழிந்தாலும் வழி இருக்கிறது.

ஹிஜ்ரி 1312 என்பது 1894 யூலை முதல் 1895 யூன் வரை. பிறப்பு இறப்புப் பதிவு அதற்கு இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகவே நடக்கிறது, ஆகவே மரண அட்டவணை இருக்கவேண்டும். பதிவுப் பிரதி கேட்கும் பி 63 படிவத்தில் தேதி தெரியாதபோது இரண்டு ஆண்டுக்குள் தேடச் சொல்லிக் கேட்கலாம். 1894, 1895 என்று போடுங்கள். அதில் பார்க்கவேண்டியது வயது, இனம், தொழில், அறிவித்தவர். அறிவித்தவர் யார் என்பதை விட்டுவிடாதீர்கள், மூத்த மகனோ மருமகனோ அங்கேதான் வெளிவருவார். இனம் என்ற இடத்தில் மலாய் என்று இல்லாமல் சோனகர் என்று இருந்தால் வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள். தாய்வழி சோனகர், வீட்டுமொழி தமிழ் என்றால் அடுத்த தலைமுறை பெரும்பாலும் அப்படித்தான் பதிவாகும். பிள்ளைகளின் பதிவுகளில் இது இன்னும் அதிகம்.

காடோரக் கிராமங்களில் பதிவுகாரரிடம் போகவே ஒரு நாள் பிடிக்கும் காலம் அது. பதியாமல் விட்ட சாவும் உண்டு. முல்லைத்தீவுப் பட்டினத்தில் கடை வைத்திருந்தவருக்கு அந்தத் தடை குறைவு.

வியாபாரத்துக்கு வருகிறேன். வன்னியிலிருந்து வெளியே போனது நெல், பாலை, முதிரை, கருங்காலி மரம், தோல், மான்கொம்பு, தேன், மெழுகு. உள்ளே வந்தது துணியும் சில்லறைச் சாமானும். முல்லைத்தீவில் துறைமுகம் என்று அடைப்பு ஒன்றும் இல்லை, திறந்த கடல். வாடைக்காற்று வீசும் கார்த்திகை முதல் தை வரை தோணி ஒதுங்க முடியாது. சோழகத்தில் ஏற்றி இறக்கி, மாரிக்குச் சரக்கை அடுக்கி வைப்பவர்தான் அங்கே வியாபாரி. உறுதியில் கடையோடு சேர்த்துக் கிட்டங்கி அல்லது பண்டகசாலை என்று சொல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சில்லறைக் கடைக்கு மேற்பட்ட ஆள்.

பெயர் வரக்கூடிய அரசாங்க அச்சு: வர்த்தமானியில் வரும் யூரர் (நீதிமன்ற நடுவர் குழுவினர்) நிரல். வடமாகாணத்துக்குத் தமிழ் பேசும் யூரர் என்று தனியாக இருக்கும். பெயர், தொழில், ஊர் மூன்றும் வரும். சொத்தோ வருமானமோ இருப்பவரைத்தான் போடுவார்கள். 1879 இல் வளவு வாங்கியவர், 1880 முதல் 1894 வரை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். தொழில் நிரலில் சொல் மாறுவதையும் குறியுங்கள், வியாபாரி என்று தொடங்கி மர வியாபாரி என்று முடிந்தால் அதுவே வாழ்க்கை வரலாறு. மற்றது, 1892 இல் நெல்வரி ஒழியும்வரை கச்சேரி (அரசாங்க அதிபர் கந்தோர்) குத்தகைக் கடதாசிகள். வரியைக் குத்தகைக்கு எடுப்பவர்களும் பிணை நிற்பவர்களும் பெரும்பாலும் கையில் காசு புழங்கும் கடைக்காரர்தான். கச்சேரி ஏடுகளும் உதவி அரசாங்க அதிபரின் நாட்குறிப்புகளும் கொழும்பு 7 தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். நீலப் புத்தகங்களில் (அரசாங்கத்தின் ஆண்டுப் புள்ளிவிபர ஏடுகள்) தேடவேண்டாம், அவற்றில் உத்தியோகத்தர் பெயர்தான் வரும்.

ஒரு வேண்டுகோள். சாவகச்சேரி என்ற பெயரைக் காட்டி, சாவகர் என்றால் ஜாவாக்காரர், வடக்கில் மலாய்க் குடியேற்றம் பண்டுதொட்டு இருந்தது, உங்கள் ஆளும் அதில் ஒருவர் என்று யாராவது சொல்வார்கள். 1873 இல் விலகிய றைபிள்காரருக்கும் அந்த ஊர்ப்பெயருக்கும் முடிச்சுப் போடவேண்டாம். அவருடைய வழி உறுதியிலேயே எழுதியிருக்கிறது.

ஏட்டறை எழுதியது:

முன்னர் விட்ட ஒன்று, ஓய்வூதியம். டபிள்யூ.ஓ. 97 என்ற தொகுதியில் விலகல் கடதாசிகள் உண்டு. உயரம், நிறம், தழும்பு, பிறந்த ஊர், தொழில் எல்லாம் வரும். பலர் முதலில் அங்கேதான் ஓடுவார்கள். 1883 க்கு முந்திய கட்டுகளில் ஓய்வூதியத்தோடு விலகியவர்கள்தான் இருக்கிறார்கள். படையிலேயே இறந்தவர், தப்பி ஓடியவர், காசு கட்டி விலகியவர் அதில் இல்லை. சாதாரணமாக முழு ஓய்வூதியத்துக்கு 21 ஆண்டுச் சேவை வேண்டும், பதினெட்டு வயதுக்கு முந்திய காலம் கணக்கில் சேராது. ஹொங்கொங்கில் நின்றவர் 1852 க்கு முன்னர் பெரிய ஆளாகச் சேர்ந்திருந்தால் 1873 இல் 21 ஆண்டு நிரம்பும். சிறுவனாகச் சேர்ந்திருந்தால் நிரம்பாது. கலைப்பின்போது விலகியவர் என்பதால் அங்கே அகப்படவில்லை என்பதை மட்டும் வைத்து அவர் பட்டாளத்தில் இல்லை என்று முடிவுகட்டக்கூடாது.

இன்னொன்று. 1879 உறுதி "விலகி" என்றுதான் சொல்கிறது, எப்போது என்று சொல்லவில்லை. 1873 வரை நின்றார் என்பது நம்முடைய ஊகம். 1873 தாளில் பெயர் இல்லாவிட்டால் பதறாமல் ஆண்டொன்றாகப் பின்னே போங்கள். கலைத்த பிறகு பலர் பொலிசுக்கும் சிறைச்சாலைக் காவலுக்கும் போனார்கள். 1873 க்கும் 1879 க்கும் இடையில் ஆறு வருஷம் இருக்கிறது. முல்லைத்தீவுக்கு வந்ததே அப்படியொரு வேலைக்காக இருக்கலாம். கடை வைக்கக் காசு சேர்ந்ததும் அந்த ஆறு வருஷத்தில்தான்.

உறுதிக்காணி எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதிய கிழக்கெல்லையை இப்போதுதான் கவனித்தேன். "விற்பவரின் சகோதரிமார்" என்று பன்மையில் இருக்கிறது. அப்படியென்றால் இரண்டு மகன் ஒரு மகள் என்ற வழி அடைபட்டது. ஒரு மகன், மூன்று மகள். அந்த ஒரு மகன் உங்கள் வழி. அவருக்கு நாற்பதில் பதினான்கு, மூன்று பெண்களுக்கும் நாற்பதில் இருபத்தொன்று, தாய்க்கு நாற்பதில் ஐந்து. கூட்டினால் நாற்பது சரி. வேறு ஆண்மகன் பற்றிக் கேள்விப்படாததற்குக் காரணம் இல்லாததுதான். பெண்கள் கலியாணம் முடித்துப் போன வீடுகளில் அவர்கள் கதை போய்விட்டது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. பிரிபடாத பங்கு விற்கும்போது பக்கத்துக் காணி "சகோதரிமாருக்குரியது" என்றால், இந்த வளவுக்குக் கிழக்கே இன்னொரு துண்டு அவர்களிடம் இருக்கிறது. 1879 உறுதியின் கிழக்கெல்லையில் யார் பெயர் என்று பாருங்கள். அது வேற்றாள் என்றால், 1879 க்குப் பிறகு அவர் அதையும் வாங்கி இரண்டு மகள்மாருக்கு நன்கொடையாகவோ கலியாணத்துக்காகவோ எழுதியிருக்கவேண்டும். நன்கொடை உறுதியில் மகளின் பெயர், மருமகனின் பெயர், ஊர் மூன்றும் சேர்ந்து வரும். ஆகவே தோம்பு எடுக்கும்போது உங்கள் வளவுக்கு ஒன்று, கிழக்குத் துண்டுக்கு ஒன்று, இரண்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

தோம்பில் எங்காவது வழக்கு இலக்கம் பதிந்திருந்தால் அதை விடவேண்டாம். நாற்பதில் ஏழும் எட்டில் ஒன்றுமாகக் கிடக்கும் காணி எப்படியும் ஒருநாள் பங்கு வழக்குக்குப் போகும், 1863 ஆம் ஆண்டுப் பங்குச் சட்டத்தின் கீழ். பங்கு வழக்கின் முறைப்பாட்டில் மூலவர் தொடங்கி வம்சாவளி முழுவதும் எழுதவேண்டும், யாரை விட்டாலும் எதிர்க்கட்சிக்காரர் வந்து சேர்ப்பார். அதேபோல் அவர் 1894, 95 இல் இறந்ததால், சொத்துப் பெரிதாயிருந்தால் தெஸ்தமெந்து வழக்கும் (இறந்தவரின் சொத்தை நிருவகிக்கும் வழக்கு) போட்டிருப்பார்கள். 1889 சிவில் நடைமுறைச் சட்டத்தின்படி அதன் அறிவித்தல் வர்த்தமானியில் வந்திருக்கும், மனுதாரர் யார், எதிர்மனுதாரராகக் காட்டிய உரிமைக்காரர் யார் யார் என்று. 1895 வர்த்தமானியை யூரர் நிரலுக்காகப் புரட்டும்போது அந்தப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். சிறிய சொத்துக்கு வழக்குப் போட்டிருக்க மாட்டார்கள். அப்படியானால் 1902 உறுதியில் உரிமை வந்த வழியைச் சொல்லும் ஆதி வரிகளில் வழக்கிலக்கம் எதுவும் இராது. அதை முதலில் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

தண்ணீரூற்றான் எழுதியது:

1879 உறுதியின் கிழக்கெல்லை வேறொருவருடைய பெயர்தான். 1902 உறுதியில் வழக்கிலக்கம் ஒன்றும் இல்லை. கையொப்பத்தில் இரண்டாம் சொல்லின் நடுவில் மூன்று புள்ளி இருக்கிறது.

கொம்பனித்தெரு எழுதியது:

மூன்று புள்ளி திறந்த அல்லது தட்டையான தலையின் மேலா, வட்டத் தலையின் மேலா? திறந்த வளைவோ தட்டைத் தலையோ என்றால் "ங", மூடிய வட்டம் என்றால் "ப". கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள் தம்பி, பெயருள்ள மற்றப் பகுதியை மறைத்துவிட்டு அந்தச் சொல்லை மட்டும்.